ஒரே மலைப்பாதையில் டியூப் வண்டியும் டியூப்லெஸ் வண்டியும்

கிளம்புவதற்கு முந்தைய இரவு

நாளை விடியும் முன்பே கிளம்புகிறோம். நானும் அண்ணனும், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். இரண்டிலும் ஸ்போக் சக்கரம், முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. தள்ளி நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அண்ணன் வண்டியின் டயருக்குள் டியூப் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. நெடுஞ்சாலை, மலையேற்றம், உயரமான ஒரு கணவாய், அதைத் தாண்டினால் ஜல்லிச் சாலை, நடுநடுவே ஓடைகள் என்று வழியில் எல்லாமே வருகிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் காட்சிகளைவிடச் சக்கரங்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். ஸ்போக் என்றாலே டியூப்தான் போட வேண்டும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். டியூப்லெஸ் வந்துவிட்டால் பஞ்சர் கவலையே இல்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து எழுத இது நல்ல வாய்ப்பு.

அந்த முதல் நம்பிக்கை எப்படி வந்தது என்பது இன்று மாலை அண்ணனின் பின்சக்கரத்தைப் பிரித்தபோது கண்ணுக்கு முன்னால் இருந்தது. டயரையும் டியூபையும் எடுத்துவிட்டால், ரிம்மின் நடுப்பள்ளத்தில் வரிசையாக நிப்பிள் தலைகள், அதாவது ஸ்போக்கை இறுக்கும் சின்ன நட்டுகளின் தலைகள். ஒவ்வொரு ஸ்போக்கும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலிருந்து வந்து ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. 36 ஸ்போக் என்றால் 36 ஓட்டை. டியூப் இல்லாமல் காற்றடித்தால் அத்தனை ஓட்டை வழியாகவும் போய்விடும். நிப்பிள் தலை டியூபை உரசாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருப்பார்கள். அண்ணன் வண்டியில் அந்தப் பட்டை ஓரிடத்தில் விலகியிருந்தது. அதன் அடியில் ஒரு ஸ்போக்கின் முனை நிப்பிளைத் தாண்டி மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ கோட்டம் எடுக்கும்போது இறுக்கியதில் வெளியே வந்திருக்க வேண்டும். அரத்தால் ராவி, விரலால் தடவி, கூர் இல்லை என்று உறுதியான பிறகுதான் பட்டையைத் திரும்ப மாட்டினோம். சாலையில் ஆணியே இல்லாமல் டியூப் பஞ்சராவதற்கு இப்படி உள்ளேயே ஒரு காரணம் இருக்கலாம்.

என் ரிம்மில் ஸ்போக்குகள் நடுவில் வருவதில்லை. இரண்டு பக்க ஓரங்களில் போய் மாட்டுகின்றன, நிப்பிள்கள் ஹப் பக்கம் இருக்கின்றன. டயர் உட்காரும் பகுதியில் வால்வுக்கான ஓட்டை ஒன்றுதான். பி.எம்.டபிள்யூ 1987இல் தன் ஜி.எஸ். வண்டிகளுக்குக் கொண்டுவந்த வடிவம் இது. ஸ்போக் ஒன்று உடைந்தால் டயரைக் கழற்றாமலே மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. இதே காரியத்தைச் சாதிக்க வேறு வழிகளும் உண்டு. ரிம்மின் நடுவில் ஒரு வரம்பு எழுப்பி அதில் ஸ்போக்கை மாட்டுகிறார்கள். இத்தாலியின் ஆல்பினா, ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு அடைக்கிறது. டிரையம்ஃப் டைகர் 900 ராலி புரோ, ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் அட்வெஞ்சர் ஸ்போர்ட்ஸின் 2020 மாடல் ஆகியவை கம்பெனியிலேயே டியூப்லெஸ் ஸ்போக்கோடு வந்தன. யமஹா டெனெரே 700 டியூபோடு வந்தது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 இரண்டு விதமாகவும் கிடைக்கிறது.

பையில் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் டயரை நெம்பிக் கழற்றும் லிவர் மூன்று, முன்பின் இரண்டுக்கும் ஒவ்வொரு டியூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கை பம்ப், ஆக்சிலுக்கான ஸ்பேனர். என்னிடம் டயர் ஓட்டையை வெளியிலிருந்தே அடைக்கும் பிளக் பெட்டி, பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரஸர், லிவர், அப்புறம் ஒரு 21 அங்குல டியூப். "டியூப்லெஸ் வண்டிக்கு எதுக்குப்பா டியூப்?" என்று அண்ணன் கேட்டார். இருக்கட்டும் அண்ணே என்றேன்.

நெடுஞ்சாலை

நாள் முழுக்கத் தார்ச்சாலை. எழுத அதிகமில்லை.

வெயிலில் நிறுத்தியபோது டயர்களைத் தொட்டுப் பார்த்தோம், இரண்டும் நல்ல சூடு. வேகமாக ஓடும்போது டயரும் டியூபும் ஒன்றோடொன்று உரசுவதால் கூடுதல் சூடு பிறக்கிறது. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டினால் டயரில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். எங்கள் வேகத்துக்கு இது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அடிவாரம், அண்ணனின் பஞ்சர்

காலையில் மலை தெரிய ஆரம்பித்த இடத்திலேயே நடந்துவிட்டது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவை முடித்து நேராகும்போது அண்ணன் வண்டியின் பின்பக்கம் மீன் வாலடிப்பது போல இரண்டு முறை ஆடியது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்தபடியே ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பின் பிரேக்கை அழுத்தியிருந்தால், காற்றில்லாத டயர் ரிம்மில் சுற்றி வால்வையே பிடுங்கியிருக்கும். வண்டி நிற்பதற்குள் காற்று முழுசாகப் போய்விட்டது.

டியூபில் ஆணி ஏறினால் காற்று ஆணியின் ஓரமாக மட்டும் கசிவதில்லை. டியூப் மெல்லிய ரப்பர், உள்ளே இழுபட்ட நிலையில் இருப்பது. துளை விழுந்ததும் விரிகிறது. வெளியேறும் காற்று டியூபுக்கும் டயருக்கும் நடுவே பரவி, ஸ்போக் ஓட்டைகள் வழியாகவும் வால்வு ஓட்டை வழியாகவும் போய்விடுகிறது. அதனால் முன்னறிவிப்பு என்று ஏதும் கிடைப்பதில்லை. டியூபைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையே இந்த வேகம்தான். பஞ்சர் ஒட்டும் சிரமத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வேலை. சாமான்களை இறக்கி, வண்டியை நிறுத்தி, ஆக்சிலை உருவி, செயினை இறக்கி, சக்கரத்தை வெளியே எடுத்தோம். டயரின் 'பீட்' ஓரத்தை, அதாவது உள்ளே கம்பி வைத்த அந்த விளிம்பை, அண்ணன் பூட்ஸ் குதிகாலால் மிதித்தே ரிம்மிலிருந்து விடுவித்தார். லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே முழங்காலால் அழுத்தி, அந்த ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். இது தெரியாதவர்கள் லிவரோடு மல்லுக்கட்டி டியூபைக் கிழிப்பார்கள். டியூபை உருவிய பிறகு டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டினார், அது ஓரிடத்தில் சிக்கியது. ஒரு சின்னக் கம்பித் துண்டு. விரலை விட்டுத் தேடினால் கை கிழியும், துணிதான் சரி.

மாற்று டியூபை வைத்துவிட்டு, கிழிந்ததை இரவில் ஒட்டலாம் என்று முடிவு. புது டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தார். தொளதொளவென்று இருந்தால் லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக் கடிபடும். வால்வை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்து, அதன் அடியில் பீட் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மூடிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார். டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், கிழிவதற்கு முன்பே தெரிந்துவிடும். கையால் அடித்துக் காற்று நிரப்பி முடித்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் கைதேர்ந்தவர். பழக்கமில்லாதவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

இரவு அறையில் பழைய டியூபை ஒட்டினார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைப் பேட்சை விடக் கொஞ்சம் அகலமாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை சும்மா காத்திருந்தார். ஈரத்தோடு ஒட்டினால் ஓடும் சூட்டில் பேட்ச் நகர்ந்துவிடும். அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

கணவாய்

நாள் முழுக்க ஏற்றம். தங்கியிருக்கும் இடம் சுமார் 3000 மீட்டர் உயரம். குளிருக்குக் கை விறைத்தாலும், போய்ச் சேர்ந்து டயர்கள் முழுசாக ஆறியதும் காற்றை அளந்து பார்த்தேன். முன்சக்கரத்தில் கீழே 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தேன். இங்கே மீட்டர் 31ஐத் தாண்டிக் காட்டுகிறது.

இதற்குப் பின்னால் இரண்டு சங்கதிகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. மீட்டர் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 14.7 பி.எஸ்.ஐ., இந்த உயரத்தில் சுமார் 10. வெளியே குறைந்த அளவுக்கு மீட்டரில் ஏற வேண்டும். ஆனால் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. கீழே 30 டிகிரி, இங்கே 10 டிகிரி. அந்த 20 டிகிரி இறக்கமே சுமார் 3 பி.எஸ்.ஐ. அளவைத் தின்றுவிடுகிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்று, ஒன்றரைதான். மலையேறினால் டயர் வெடித்துவிடும் என்று பயந்து கீழேயே காற்றை இறக்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. மேலே வந்து, டயர் ஆறியதும் அளந்து சரிசெய்தால் போதும். டியூப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கணக்குதான்.

கணவாயில், மறுநாள் காலை

கிளம்பும் முன் மறுபடி அளந்தோம். என் பின்சக்கரத்தில் 36 இருக்க வேண்டிய இடத்தில் 27. சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்த்தால், டயரின் இரண்டு பட்டன்களுக்கு (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே பளபளவென்று ஒரு திருகாணித் தலை. நேற்று எங்கோ ஏறியிருக்கிறது. ராத்திரி முழுக்க ஒன்பது பி.எஸ்.ஐ.தான் இறங்கியிருக்கிறது. டியூப்லெஸ் டயரின் உட்சுவரில் காற்றுப்புகாத ரப்பர் படலம் உண்டு. அது டயரோடு ஒட்டியது, டியூப் போல இழுபட்டு நிற்பதில்லை. குத்திய ஆணியையே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நேற்று அண்ணனுக்கு வண்டி ஆடியபோதுதான் தெரிந்தது, எனக்கு மீட்டரில் தெரிந்தது. அதே சாலை, அதே மாதிரி இரும்பு.

சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஆணி சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டு குறடால் திருகி எடுத்தேன், உஸ்ஸென்று காற்று. அதே கோணத்தில் ரம்பப் பல் உள்ள கம்பியைச் செலுத்தி ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, ஊசியைச் சடக்கென்று இழுத்ததும் திரி உள்ளே நின்றுகொண்டது. வெளியே நீட்டிய வாலை வெட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி இல்லை. கம்ப்ரஸரை மாட்டினால் வேலை முடிந்தது. மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பிளக் பெட்டியை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பிளக் போடலாம் என்பது தரையைத் தொடும் பட்டன் பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது, ஓட ஓட அந்த இடம் மடங்கி விரிந்துகொண்டே இருக்கும். போட்ட திரியும் தற்காலிகம்தான். டயரைக் கழற்றும் வசதி கிடைக்கும்போது உள்பக்கமிருந்து பேட்ச் போட்டுவிடுவது நல்லது.

ஜல்லியும் ஓடையும்

இன்றைய நாள் நீளமானது, குறிப்பும் அப்படித்தான்.

தார் முடிந்ததும் இருவரும் காற்றைக் குறைத்தோம். நான் முன்னால் 24, அண்ணன் 27. டியூப் வண்டியில் ரொம்ப இறக்க முடியாது. கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்மின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் டியூப் கடிபடும். பாம்புக் கடி போல இரண்டு துளை விழும் என்பதால் அதற்கு அந்தப் பெயரே உண்டு. காற்று குறைவாக இருந்தால் டயர் அகலமாகப் பதிந்து ஜல்லியில் நன்றாகப் பிடிக்கும். அந்த லாபம் இன்று எனக்கு அண்ணனைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது.

ஓடையைக் கடக்கும்போதுதான் அது நடந்தது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை, முன்சக்கரத்தில் நேரடி மோதல், கைகளில் ஏறிய சத்தம். மறுகரையில் இறங்கிப் பார்த்தால் ரிம்மின் இடது விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே மடிந்திருக்கிறது, அந்த இடத்தில் காற்று கொப்புளிக்கிறது. டயரில் ஒரு கீறல்கூட இல்லை. டியூப்லெஸ் என்பது டயரும் ரிம்மும் சேர்ந்து பிடிக்கும் காற்று. ரிம்மின் அந்த ஓரம் கெட்டால் டயர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இதே மோதல் அண்ணனுக்கு நடந்திருந்தால் டியூப் கடிபட்டிருக்கலாம். ஆனால் டியூபை மாற்றியதும் மடிந்த ரிம்மோடே போய்க்கொண்டிருப்பார், ஏனென்றால் அங்கே ரிம் காற்றைப் பிடிக்க வேண்டியதில்லை.

நல்லவேளையாக ஸ்போக் ரிம் வளையும். வார்ப்பு அலாய் வீலாக இருந்தால் விரிசல் விட்டிருக்கலாம், விரிசலைத் தட்டி நிமிர்த்த முடியாது. ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டையான கல்லால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். ஏறக்குறைய நேரானது. காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் குமிழி. சரி, டியூப்தான்.

இங்கே இன்னொரு சிரமம். டியூப்லெஸ் ரிம்மில் பீட் உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக ஒரு சின்ன மேடு உண்டு. காற்று இறங்கினாலும் டயர் பள்ளத்தில் விழாமல் தடுப்பது அதுதான். ஓடும்போது உயிர் காக்கும் மேடு, கழற்றும்போது கையை உடைக்கும். பூட்ஸால் மிதித்து ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, அண்ணன் தன் வண்டியின் சைடு ஸ்டாண்டை ரிம்முக்குப் பக்கத்தில் டயர் மேல் ஊன்றி, வண்டியின் பாரத்தை அதன்மேல் சாய்த்தார். டப்பென்று பீட் இறங்கியது. அந்த வழி தெரியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

டியூப்லெஸ் வால்வைக் கழற்றினேன். அதன் ஓட்டை டியூபின் வால்வுத் தண்டைவிடச் சற்றுப் பெரிது. தண்டோடு வந்த வாஷரை உள்ளே வைத்ததும் ஆடாமல் நின்றது. நிப்பிள் தலைகள் இல்லாத ரிம் என்பதால் ரப்பர் பட்டை தேவைப்படவில்லை. மடிந்திருந்த விளிம்பின் உள்புறத்தைத் தடவிப் பார்த்து, கூராக இருந்த ஓரத்தை அண்ணனின் அரத்தால் மழுக்கினோம். டியூப் வைத்து 28 அடித்துக் கிளம்பினோம். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்தாயிற்று.

வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் தோற்கும்போது டியூப் வண்டியாகிவிட முடியும். டியூப் சக்கரத்தால் சாலையோரத்தில் டியூப்லெஸ் ஆக முடியாது. எனக்கு டியூப்லெஸ் மேல் பிடிப்பு வந்ததற்குப் பத்து நிமிட பிளக்கை விட இதுதான் பெரிய காரணம். ஆனால் பையில் டியூபும் லிவரும் இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே பொருள் உண்டு. பிளக் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளில்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஓடையோரத்தில் வேறு வழி இருக்காது.

ஓய்வு

மழை. நகரவில்லை. ஸ்பேனரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டோம். இறுக்கமான ஸ்போக் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. என் முன்சக்கரத்தில் அடிபட்ட இடத்துக்கு அருகே இரண்டு தளர்ந்திருந்தன, ஹப் பக்கமிருந்தே கால் சுற்று இறுக்கினேன். அண்ணன் பின்சக்கரத்தில் ஒன்று. அவர் அதைக் கொஞ்சம்தான் திருப்பினார், முனை உள்ளே போய் டியூபைத் தொட்டுவிடுமோ என்று.

இறக்கம்

கீழே வந்துவிட்டோம், பஞ்சர் ஏதும் இல்லாத நாள். டியூபோடு ஓடும் என் முன்சக்கரத்தில் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சாமான்களை இறக்கும்போது அண்ணன் கேட்டார்: "என் ரிம்மை அடைச்சு டியூப்லெஸ் ஆக்க முடியுமா?" முடியும். நிப்பிள் தலைகளின் மேல் ஒட்டி அடைக்கும் பட்டைகள் கிடைக்கின்றன, ஜப்பானின் அவுட்டெக்ஸும் இத்தாலியின் பார்-டியூப்லெஸும் பெயர் பெற்றவை. ஆனால் ஓட்டையை அடைப்பது பாதி வேலைதான். அந்த மேடு ரிம்மில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து ரிம்மில் பொறித்திருந்த எழுத்துகளைத் தேடினோம். பின் ரிம்மில் எம்.டி. (MT) என்று இருந்தது, மேடு உள்ள வகை. முன் ரிம்மில் டபிள்யூ.எம்., டியூபுக்காகவே செய்தது. 21 அங்குல ரிம்களில் பலவும் இப்படித்தான். மேடு இல்லாத முன் ரிம்மை அடைத்து ஓட்டி, காற்று இறங்கி வளைவில் பீட் நழுவினால் ஹேண்டில் கையில் நிற்காது. முன்னால் டியூபே இருக்கட்டும் அண்ணே என்று உறுதியாகச் சொன்னேன். டயரும் டியூப்லெஸ் வகையாக இருக்க வேண்டும். அவருடைய பின் டயரின் பக்கச்சுவரில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆக, பின்சக்கரத்தை மட்டும் மாற்றுவதாக முடிவு. பெரும்பாலான பஞ்சர் பின்னால்தான் வருகிறது, கழற்றுவதற்குச் சிரமமானதும் அதுதான். 18 அங்குல டியூபை இனிப் பையில் வைக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு 21 டியூபையே பின்சக்கரத்தில் மடிப்பு விழாமல் வைத்து, மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம். பட்டை ஒட்டிய பிறகு நிப்பிளைத் திருப்பினால் அடைப்பு விட்டுவிடக்கூடும் என்பதால், முதலில் கோட்டம் எடுத்து எல்லா ஸ்போக்கையும் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றேன். அப்படியென்றால் அடுத்த டயர் மாற்றும்போதே செய்துவிடலாம் என்றார். பின் டயரின் பட்டன் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.